குருவின் பாட்டைக் காத்த சீடர்
வாலாஜாபேட்டை வெங்கட்ரமண பாகவதர்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றதும் தோல் பதனிடும் தொழில்தான் நினைவுக்கு வரும். இந்த ஊர்களின் தோலும் காலணியும் கடல் கடந்து போகின்றன.

ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருப்பது வாலாஜாபேட்டை. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரால் ஏற்பட்ட ஊர். நெசவுக்குப் பேர்போன ஊர்.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தியாகராஜ சுவாமிகளின் பாட்டுகளைக் காத்துக் கொடுத்த ஊர்களில் இதுவும் ஒன்று!

அந்தப் பெருமையைத் தேடித் தந்தவர் வெங்கட்ரமண பாகவதர்.

துளசி பறித்த சீடர்

பாகவதர் 1781-ம் ஆண்டு பிறந்தார். சௌராஷ்டிர சமூகத்தைச் சேர்ந்தவர். தஞ்சாவூருக்கு அருகே உள்ள அய்யம்பேட்டையில் இளமைக் காலத்தைக் கழித்தார்.

அப்போது திருவையாற்றில் தியாகராஜர் வாழ்ந்து வந்தார். சீடரை விட 14 வயது மூத்தவர். பாகவதர் அவரை நாடிப் போனார்.

அய்யம்பேட்டையிலிருந்து திருவையாறு பல கல் தொலைவு. அந்தத் தூரத்தை நடந்தே போய் வந்தார் என்று சொல்வார்கள். குருவின் பூஜைக்குத் துளசி பறித்துக் கொடுப்பாராம். அருகே இருந்து பாட்டுக் கற்றார். இப்படிப் பல ஆண்டுகள் குருவுக்கு ஊழியம் செய்தார்.

ஓலையும் எழுத்தாணியும்

தியாகராஜர் பக்தி மேலிட்டுப் பாடுவார். சீடர்கள் அவற்றைப் பாடம் செய்வார்கள். ஓலையில் எழுதியும் வைப்பார்கள்.

இந்த எழுத்து வேலையில் பாகவதர் மிகவும் கருத்தாக இருந்தார். எத்தனையோ பாட்டுகளை எழுதிச் சேர்த்தார். பிறகு வாலாஜாபேட்டையில் குடியேறியபோதும் இந்தப் பணியை விடவில்லை. அவருடைய மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் துணை நின்றார். தியாகராஜரின் வாழ்க்கையையும் மகன் எழுதி வைத்தார்.

யார் பாட்டு?

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதிசயம் பின்னால்தான் தெரிந்தது.

கர்நாடக இசையில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் முடிவில், பாட்டைச் செய்தவர் தம் அடையாளத்தை வைப்பார். அதற்கு முத்திரை என்று பெயர். தியாகராஜர் தம் பெயரையே முத்திரையாக வைத்தார். முத்துசாமி தீட்சிதரின் முத்திரை குருகுக என்பது.

ஆனால், முத்திரையை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம்! திருவாரூர்க் கோவிலில் உள்ள இறைவன் பெயரும் தியாகராஜர்தான். அந்த இறைவன் மீது தீட்சிதர் பாடிய பாட்டுகளிலும் அந்தப் பெயர் வரும்.

பாகவதரின் சீடர் மைசூர் சதாசிவ ராவ். தியாகராஜர் வாலாஜாபேட்டைக்கு வந்தபோது அவரைப் போற்றி இவர் தோடி ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடினார் என்பார்கள். அதிலும் தியாகராஜர் பெயர் உண்டு. ஆனால் அது தியாகராஜர் செய்த பாட்டு அல்ல.

தியாகராஜர் 1847-ம் ஆண்டு மறைந்தார். பிறகு அச்சுப் புத்தகங்கள் வந்தன. அதுவரை யாரும் கேட்டிராத சில பாட்டுகளும் அவர் பெயரில் அச்சாயின. இவை அவர் செய்தவைதானா என்ற சந்தேகம் எழுந்தது.

சாட்சி சொல்லும் சுவடிகள்

இதை எப்படித் தீர்ப்பது? நேரடிச் சீடர்களின் சுவடியைப் பார்க்க வேண்டும். அதில் பாட்டு இருந்தால் வலுவான சாட்சி. இல்லை என்பதால் மட்டும் பொய்ப்பாட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. எல்லாப் பாட்டும் எல்லாச் சீடருக்கும் தெரிந்திருக்காது அல்லவா?

தில்லைஸ்தானம், உமையாள்புரம், வாலாஜாபேட்டை என்று தியாகராஜரின் சீடர் வழிகள் மூன்று புகழ்பெற்றவை. ஒரே பாட்டைச் சில இடங்களில் வெவ்வேறு விதமாகப் பாடுவார்கள். சில பாட்டுகளின் ராகமே மாறும். அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வாலாஜாபேட்டைச் சுவடிகள் பெரிதும் உதவின. இந்தச் சுவடிகள் பின்னர் மதுரை சௌராஷ்டிர சபைக்குப் போய்ச் சேர்ந்தன.

தனக்கென ஒரு பெயர்

பாகவதர் வெறும் எழுத்தர் அல்ல. தாமே பாட்டுக் கட்டும் புலமை உள்ளவர். குருவை வியாசருக்கும் வால்மீகிக்கும் நாரதருக்கும் ஒப்பிட்டு வடமொழியில் துதி செய்தார். அவரைப் போன்றவர், தம் பாட்டுக்கே புகழ் தேடி வாழ்நாளைக் கழித்திருக்கலாம். அவரோ குருவின் பாட்டைக் காப்பதையே பெரிதாக எண்ணினார்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ம் ஆண்டு ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தக் காலத்தையும் கண்டவர் பாகவதர். 1874-ம் ஆண்டு, 93-ம் வயதில் மறைந்தார்.

தியாகராஜர் பாட்டுகளில் சுமார் 700 இன்று நமக்குக் கிடைத்துள்ளன. பாட்டின் முடிவில் குருவின் பெயர் ஒலிக்கிறது. சீடரின் பெயர் எங்கும் ஒலிப்பதில்லை. ஆனால், அந்தச் சீடர் எழுதி வைத்த ஓலைதான் குருவின் பெயருக்குக் காவல் நிற்கிறது!