டிகிரி வாங்காத கடல் விஞ்ஞானி



சிவில் பிரிவுக்காரர்களுக்கு பென்டோனைட் தெரியாமல் இருக்காது. பைல் போடத் துளையிடும்போது மண் சரியாமல் இருக்கக் கரைத்து ஊற்றுகிறோமே, அந்தக் களிமண்தான். அமெரிக்காவின் வயோமிங்கில் வெட்டியெடுக்கும் பென்டோனைட், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலில் விழுந்த எரிமலைச் சாம்பல் என்று படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. எரிமலை எங்கே, கடலடி எங்கே? அதைத் தேடிப் போனபோதுதான் சர் ஜான் மர்ரே கிடைத்தார்.

1841-இல் கனடாவின் கோபர்க் ஊரில் பிறந்து, 17 வயதில் ஸ்காட்லாந்து வந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பிடித்த பாடமெல்லாம் படித்தார். பரீட்சைதான் எழுதவில்லை, டிகிரியும் வாங்கவில்லை. (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். மனுஷன் படிப்பை விடவில்லை!) 1872-இல் உலகக் கடல்களை ஆராயக் கிளம்பிய சேலஞ்சர் கப்பல் குழுவில் ஒருவர் கடைசி நேரத்தில் விலகிக்கொள்ள, அந்த இடம் இவருக்கு வந்தது.

மூன்றரை வருடப் பயணம். கடலடியிலிருந்து வாரி வந்த சேற்றை ஆராய்வது இவர் பொறுப்பு. பல இடங்களில் நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் நிறைந்த வெளிறிய சேறு வந்தது. மிக ஆழத்தில் ஓடுகளைக் காணோம். வெறும் சிவப்புக் களிமண். ஓடுகள் கரைந்தபின் மிஞ்சிய சக்கைதான் அது என்றார் குழுத் தலைவர் வைவில் தாம்சன். மர்ரே அதை ஒப்பவில்லை. மைக்ராஸ்கோப்பில் அவர் கண்டது எரிமலைக் கண்ணாடித் துகள்கள். கரையே இல்லாத நடுக்கடலிலும் வலையில் நுரைக்கல் வந்தது. உள்ளே காற்றுத் துளைகள் இருப்பதால் அது மாதக்கணக்கில் மிதந்து வெகுதூரம் போகும். நீர் ஊறியதும் மூழ்கும். சாம்பலோ காற்றோடு வந்து விழும். இரண்டும் உப்புநீரில் மெல்ல மெல்லச் சிதைந்து களிமண்ணாகும் என்றார்.

அவர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை. சிவப்புக் களிமண்ணில் பெரும்பங்கு பாலைவனங்களிலிருந்து காற்று கொண்டுவந்த தூசி என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் சாம்பல் அடுக்கு பெரிய சாட்சி. சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த சாம்பல் நம் வங்காள விரிகுடாவின் அடியிலும் அடுக்காகக் கிடக்கிறது. அது தென்பட்டால் மேலும் கீழும் உள்ள சேற்றின் வயதைக் கணக்கிடலாம்.

1882-இல் தாம்சன் இறந்ததும் பயண அறிக்கைகளை வெளியிடும் சுமை மர்ரே தலையில் விழுந்தது. 50 தொகுதிகள்! அரசுப் பணம் போதாமல் கைப்பணத்தையும் போட்டு 1895-இல் முடித்தார். பெல்ஜியத்தின் ரெனார்டோடு சேர்ந்து எழுதிய ஆழ்கடல் படிவுகள் பற்றிய தொகுதி 1891-இல் வந்தது.

பிறகு பணமும் வந்தது. எரிமலை மேட்டின்மேல் பவளப்பாறை வளர்ந்து உருவான கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த ஒரு கல்லில் பாஸ்பேட் இருப்பதைக் கண்டறிந்து, அதை வெட்டியெடுக்க 1897-இல் கம்பெனியும் தொடங்கினார். அது அரசுக்குக் கட்டிய தொகை, சேலஞ்சர் பயணத்துக்கு ஆன செலவையே மிஞ்சிவிட்டது.

உலகக் கடலையெல்லாம் சுற்றி வந்தவர், 1914 மார்ச் 16 அன்று எடின்பரோ அருகே ஒரு கார் விபத்தில் காலமானார்.