எது உண்மைக் காதல்? - சார்லட் பிராண்டே



காதல்னாலே நமக்கு சினிமாதான் ஞாபகம் வரும். அழகான ஹீரோ, அழகான ஹீரோயின், நாலு டூயட்! ஆனால் அழகும் பணமும் இல்லாத ஒரு டீச்சரைக் கதாநாயகியாக்கி, 1847-லேயே இங்கிலாந்தைப் படிக்க வைத்தார் ஒரு பெண். அவர்தான் 'ஜேன் அயர்' நாவலை எழுதிய சார்லட் பிராண்டே.

1816 ஏப்ரல் 21-ல் யார்க்‌ஷயரில் பிறந்தார். அப்பா பாதிரியார். ஐந்து வயதில் தாயை இழந்தார். விடுதிப் பள்ளியில் நோய்வாய்ப்பட்ட இரண்டு அக்காமாரும் 1825-ல் இறந்தார்கள்.

1839-ல் தோழியின் அண்ணன் பெண் கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் மனசில் காதல் இல்லையே! மறுத்துவிட்டார். 1842-ல் படிக்கப் போன பிரஸ்ஸல்ஸில் ஆசிரியர் ஹெகர் மீது மனம் போனது. அவரோ மனைவி, பிள்ளைகள் உள்ளவர். ஊர் திரும்பிக் கடிதம் மேல் கடிதம் எழுதிவிட்டு, பதிலுக்காக மாதக்கணக்கில் ஏங்கினார்.

அந்த வலி தெரிந்தவர் எழுதிய கதைதான் 'ஜேன் அயர்'. ஆண் பெயர் போலத் தோன்றும் 'கரர் பெல்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். ரோச்செஸ்டர் மேல் ஜேன் உயிரையே வைத்திருக்கிறாள். கல்யாணத்தன்றுதான் அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரிகிறது. கெஞ்சுகிறான். ஆனாலும் விடியுமுன் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். பிறகு ஒரு பாதிரியார், இந்தியாவில் மதப்பணி செய்யத் துணைவியாக வரச் சொல்கிறார். அதில் கடமை இருக்கு, காதல் இல்லை. அதையும் மறுக்கிறாள். கடைசியில் தீ விபத்தில் மனைவியையும், பார்வையையும், ஒரு கையையும் இழந்து நிற்கும் ரோச்செஸ்டரைத் தானே தேடி வருகிறாள்!

நிஜ வாழ்க்கையில் சார்லட்டுக்கு அடி மேல் அடி. 1848-ல் தம்பி பிரான்வெல், தங்கை எமிலி. 1849-ல் கடைசித் தங்கை ஆன். எல்லோரும் போய்விட்டார்கள். மிச்சம் அப்பாவும் அவரும்தான்.

அப்பாவிடம் உதவிக் குருவாக 1845-லிருந்து வேலை பார்த்தவர் ஆர்தர் நிக்கல்ஸ். சார்லட் அவரைப் பெரிதாகக் கவனித்ததே இல்லை. 1852 டிசம்பரில் ஒருநாள் அவர் நடுங்கிக்கொண்டே தன் காதலைச் சொன்னார். அப்பா கொதித்துப் போனார். அடுத்த ஆண்டு ஊரை விட்டுப் போகும்போது வாசல் கேட்டில் சாய்ந்து அழுதாராம் நிக்கல்ஸ். அந்த அழுகைதான் சார்லட்டை யோசிக்க வைத்தது. கடிதங்கள் தொடர்ந்தன. அப்பாவும் இறங்கி வந்தார். 1854 ஜூன் 29-ல் திருமணம்.

ஒன்பதே மாதம்! 1855 மார்ச் 31-ல், கர்ப்பிணியாக இருந்த சார்லட் 38 வயதில் இறந்தார். நிக்கல்ஸ் ஓடிவிடவில்லை. தன்னை விரட்டிய அதே மாமனாரை, 1861-ல் அவர் இறக்கும்வரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்.

நண்பர்களே, வொர்க்‌ஷாப்பில் எதை அளக்கவும் ஒரு கேஜ் இருக்கு. காதலுக்குக் கிடையாது. ஆனால் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இந்தக் காதலுக்காக என் தன்மானத்தை விட வேண்டியிருக்கா? எல்லாம் போன பிறகும் இந்த ஆள் நிற்பாரா? ஜேன் முதல் கேள்விக்குப் பதில் சொன்னாள். நிக்கல்ஸ் இரண்டாவதற்கு வாழ்ந்தே காட்டினார்.