கே.ஆர். நாராயணன்: கையெழுத்துக்கு முன் கேட்ட கேள்விகள்

குடியரசுத் தலைவர்களை மதிப்பிடும்போது, கே.ஆர். நாராயணனை முதல் தலித் குடியரசுத் தலைவர் என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவது எளிது. பதவியில் அவர் என்ன செய்தார் என்பதே சரியான அளவுகோல்.

1920இல் கேரளத்தின் உழவூரில் வறிய குடும்பத்தில் பிறந்தார். கட்டணம் செலுத்த இயலாத நாள்களில் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்டார். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பயின்று, வெளியுறவுப் பணியில் சேர்ந்து, சீனாவிலும் அமெரிக்காவிலும் தூதராக இருந்தார். 1997 ஜூலை 25 அன்று குடியரசுத் தலைவரானார்.

அமைச்சரவையின் பரிந்துரையை ஒருமுறை மறுபரிசீலனைக்கு அனுப்பலாம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 74ஆம் உறுப்பு. அந்தச் சிறிய அதிகாரத்தை அவர் பயன்படுத்தினார். 1997இல் உத்தரப் பிரதேச அரசையும் 1998இல் பீகார் அரசையும் நீக்கும் பரிந்துரைகளைத் திருப்பி அனுப்பினார். 1999 பிப்ரவரியில், தலித் படுகொலைகளுக்குப் பின் மீண்டும் வந்த பீகார் பரிந்துரையை ஏற்றார். இவ்விரண்டையும் சேர்த்தே அவரை எடைபோட வேண்டும்.

உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனக் கோப்பில், பட்டியல் சாதியினரிலும் பழங்குடியினரிலும் தகுதியானோர் உள்ளனர் என்பதைச் சுட்டிக்காட்டினார். 2000இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் அந்நீதிமன்ற நீதிபதியானார். 2007இல் தலைமை நீதிபதியானார். அதைக் காண நாராயணன் இல்லை. 2005 நவம்பர் 9 அன்று மறைந்துவிட்டார்.

தருமபுரி மாவட்டத்தில், 1992இல் வன்கொடுமைக்கு ஆளான வாச்சாத்திப் பழங்குடி மக்கள் முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டுகள் காத்திருந்தனர். இம்மண்ணில் நின்று பார்த்தால், நீதி இருக்கையில் யார் அமர்கிறார் என்று அவர் எழுப்பிய வினா வெறும் அடையாள அரசியல் அன்று.