புரதத்தின் வடிவம் கண்ட இராமச்சந்திரன்

உண்ட சோறு செரிப்பதும், விதைத்த வித்து முளைப்பதும் நொதிகளின் செயலாகும். நொதிகளுள் பெரும்பாலானவை புரதங்களே. அவை தாம் செலவாகாமல் நின்று உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்துகின்றன. அத்தகைய புரதங்களின் வடிவத்தை அளந்தறிய வழிகண்டு, சென்னைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தவர் கோ. நா. இராமச்சந்திரன் ஆவார்.

இவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற இராமச்சந்திரன், மின்பொறியியல் கற்கப் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தை அடைந்தார். அங்கே சர் சி. வி. இராமன் இவர்தம் கூர்மதி கண்டு, தம் துறைக்கு ஈர்த்துக்கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, 1949இல் தாயகம் மீண்டார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். அப்பொழுது இவர்க்கு அகவை ஏறத்தாழ முப்பதே.

தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தருவது கொல்லாசென் என்னும் புரதம். அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணைகொண்டு, இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதனை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தனர். அது மூன்று இழைகள் முறுக்குண்ட கயிறு போன்றது என்று 1954இல் வெளியிட்டனர்.

மேனாட்டு அறிஞர்களான கிரிக்கும் ரிச்சும் இதில் ஒரு குறை கண்டனர். அணுக்கள் சில ஒன்றையொன்று மிகவும் நெருங்கி நிற்கின்றனவே, அஃது எவ்வாறு இயலும் என்பது அவர்தம் தடை. இராமச்சந்திரன் சினந்தாரில்லை, சோர்ந்தாருமில்லை. அணுக்கள் எத்துணை நெருங்கலாம் என்பதனையே ஆராயப் புகுந்தார். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியும் இரு கோணங்களில் திரும்ப வல்லது. எனினும், அணுக்கள் மோதாதிருத்தல் வேண்டுமாதலின், எல்லாத் திருப்பங்களும் இயலா. இயல்வன இவை, இயலாதன இவை எனக் காட்டும் வரைபடத்தை, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்டார். அஃது இன்றும் இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகின்றது.

இவ்வரைபடத்தின் பயன் பெரிது. நொதியின் சங்கிலி உரியவாறு மடிந்தால்தான், தொலைவில் உள்ள கண்ணிகள் ஒருங்குகூடி, வினை நிகழும் குழிவை அமைக்கும். மரபணுவில் ஓர் எழுத்து மாறின், ஓர் அமினோ அமிலத்தின் இடத்தில் வேறொன்று வந்து அமையலாம். இதுவே சடுதி மாற்றத்தின் ஒரு வகை. மாறியது புறப்பரப்பில் இருப்பின், பெரும்பாலும் தீங்கு இல்லை. வினைக்குழிவில் இருப்பின், வடிவம் கெடாவிடினும் வேலை தடைப்படலாம். கிளைசின் மிகச் சிறியதாதலின், பிற அமிலங்கள் திரும்பவியலாத கோணத்திலும் திரும்பும். அவ்விடத்தில் வேறொன்று புகுந்தால் மடிப்பே குலையக்கூடும். கொல்லாசெனில் மூன்றாம் கண்ணிதோறும் கிளைசின் உண்டு. அவற்றுள் ஒன்று மாறினும் எலும்பு எளிதில் முறியும் நோய் உண்டாகலாம். ஃபினைல் அலனினை மாற்றும் நொதி சடுதி மாற்றத்தால் பழுதுற்றால், அப்பொருள் குருதியில் மிகுந்து குழந்தையின் மூளையைத் தாக்கும். பிறந்தவுடன் கண்டறிந்து உணவை ஒழுங்குபடுத்தின், அத்தீங்கைத் தடுக்கலாம். இத்தகைய மாற்றங்களை ஆராய்வோர்க்கு அவ்வரைபடம் ஒரு வழிகாட்டியாகும்.

பின்னாளில் இராமச்சந்திரன் பெங்களூர் சென்று மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். 1977இல் இலண்டன் அரச கழக உறுப்பினரானார். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

தம் முடிபுக்கு எழுந்த தடையை இழிவென்று கருதாது, அதனையே புதிய ஆராய்ச்சிக்கு வாயிலாகக் கொண்டார் இராமச்சந்திரன். குறை கூறுவோர் சொல்லிலும் உண்மை உண்டோ என நாடும் அப்பண்பு, கற்போர் அனைவரும் போற்றிக் கொள்ளத்தக்கதாகும்.