தையல் மெஷின் மோட்டாரில் பிறந்த சீலிங் ஃபேன்: யார் இந்த பிலிப் டீல்?

கரன்ட் போனதும் நாம அண்ணாந்து பார்ப்பது சீலிங் ஃபேனைத்தான். அதைத் தந்தவர் பிலிப் டீல். 1847-ல் ஜெர்மனியில் பிறந்து, 1868-ல் அமெரிக்கா வந்தவர். சிகாகோவில் வேலை பார்த்தபோது, 1871 பெருந்தீயில் உடைமைகள் எல்லாமே போச்சு. மனிதர் அசரவில்லை. நியூஜெர்சியின் எலிசபெத் நகருக்குப் போய், சிங்கர் தையல் மெஷின் ஆலையில் வேலை பார்த்தார்.

அப்போதைய கூரை விசிறிகளைச் சுற்றவைக்க நீர்விசையோ நீராவியோ வேணும். கூடவே நீளமான பெல்ட். வீட்டுக்கு அது சரிப்படுமா? தையல் மெஷினுக்காகச் செய்த மின் மோட்டாரில் இறக்கைகளைப் பூட்டி, 1882-ல் கூரையில் மாட்டினார் டீல். பெல்ட் தேவையில்லாமல் போனது. 1913-ல் அவர் இறந்தார். மோட்டாரோடு மேலேயே தொங்கும் அவரது ஐடியாதான் இன்னும் நம்ம தலைக்கு மேல சுத்துது.