பால்போல் மாறும் திரவம்: புதிரை அவிழ்த்த ஸ்மொலுஹோவ்ஸ்கி யார்?

தெளிவான ஒரு திரவம். அதில் நீங்கள் எதையும் ஊற்றவில்லை. சூடு மட்டும் மெல்லக் குறையுது. திடீர்னு பால் கலந்த மாதிரி வெள்ளையாகிவிடுகிறது. எப்படி?

தண்ணீரையும் பீனாலையும் சரியான அளவில் சேர்த்துச் சூடாக்கினால், சுமார் 66 டிகிரி செல்சியசுக்கு மேல் இரண்டும் முழுமையாகக் கலந்துவிடும். அதற்குக் கீழே இரண்டு அடுக்காகப் பிரியும். சேர்வதா பிரிவதா என்ற அந்த எல்லைதான் மாறுநிலைப் புள்ளி. அதை நெருங்கும்போதுதான் இந்த வெண்மை. (வீட்டில் செய்து பார்க்காதீங்க! பீனால் தோலைப் புண்ணாக்கிவிடும்.)

1908ஆம் ஆண்டில் இதற்கு விளக்கம் தந்தவர் மரியான் ஸ்மொலுஹோவ்ஸ்கி. 1872இல் வியன்னா அருகே போலந்துக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அப்போது வரைபடத்தில் போலந்து என்று ஒரு நாடே கிடையாது. படித்தது வியன்னாவில். பேராசிரியராக வேலை பார்த்தது, இன்று உக்ரேனில் இருக்கும் லிவிவ் நகரில். விடுமுறை கிடைத்தால் போதும், அண்ணனோடு மலையேறக் கிளம்பிவிடுவார்.

அணுக்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பெரிய விஞ்ஞானிகள் சிலரே சந்தேகப்பட்ட காலம் அது. ஸ்மொலுஹோவ்ஸ்கிக்குச் சந்தேகம் இல்லை.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள, எம்ஆர்டி நடைமேடையை நினைச்சுப் பாருங்க. கூட்டம் எல்லா இடத்திலும் ஒரே சீராக நிற்பதில்லை. ஓரிடத்தில் நெருக்கம், இன்னோரிடத்தில் இடைவெளி. அடுத்த நிமிடம் அதுவும் மாறிவிடும். திரவத்தின் மூலக்கூறுகளும் அப்படித்தான். வழக்கமாக அந்தக் கொத்துகள் மிகச் சிறியவை. மாறுநிலைப் புள்ளியை நெருங்க நெருங்க அவை பெரிதாகி, ஒளியின் அலைநீளத்தையே எட்டிவிடுகின்றன. ஒளி நேராகப் போக முடியாமல் எல்லாப் பக்கமும் சிதறுகிறது. அதுதான் அந்தப் பால் நிறம்.

எவ்வளவு ஒளி சிதறும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஐன்ஸ்டைன். 1910இல் அவர் எழுதிய கட்டுரை திரவக் கலவைகளையும் சேர்த்தே பேசியது. சிதறும் ஒளியை அளந்தால் மூலக்கூறுகளின் எண்ணிக்கையையே கண்டுபிடிக்கலாம். சந்தேகப்பட்டவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேணும்?

வானம் நீலமாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு என்று ஸ்மொலுஹோவ்ஸ்கி முதலில் நினைத்தார்: மூலக்கூறுகள் ஒன்று, அவற்றின் ஏற்ற இறக்கம் இன்னொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று ஐன்ஸ்டைன் கடிதம் எழுதினார். அவரும் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்!

1917இல் கிராக்கோவ் நகரின் யகியெலோனியப் பல்கலைக்கழகம் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பதவியேற்குமுன், செப்டம்பர் 5ஆம் தேதி, வயிற்றுக்கடுப்பு நோய் அவரைக் கொண்டுபோனது. வயது 45.

நான்கு ஆண்டு கழித்து இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய ஒருவர், கடல் ஏன் நீலம் என்று யோசிக்கத் தொடங்கினார். விடை தேட அவர் கையில் எடுத்தது இதே ஸ்மொலுஹோவ்ஸ்கி-ஐன்ஸ்டைன் கோட்பாடுதான். அவரை உங்களுக்குத் தெரியும்: திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன்.