கிருபைக்குக் கடனாளி

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு கல்லூரியின் காலை வணக்கத்திலே ஜோன் நியூற்றனின் கதையை மாணவர்க்கு எடுத்துச் சொன்னேன். அடிமை வணிகத்திலே உழன்ற ஒரு துன்மார்க்கர். நடுக்கடலிலே ஒரு பெரும்புயல். உயிரச்சத்தால் எழுந்த ஒரு மன்றாட்டு. கரையேறியதும் புது வாழ்வு. அதன் பயனாக உலகெங்கும் பாடப்படும் ஒரு ஞானப்பாட்டு. கதை இனிது முடிந்தது. வணக்கம் கலைந்த பின் மாணவனொருவன் என்னிடம் வந்து, கரையேறிய அந்த மனிதர் அடிமைகளை என்ன செய்தார் என்று கேட்டான். விடுதலை செய்திருப்பார் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அவ்விடை பிழையென்பதை, நியூற்றனின் வரலாற்றை ஆற அமரக் கற்ற பின்னரே அறிந்தேன். அம்மாணவனுக்கு நான் பட்ட கடனைத் தீர்க்கும் முகமாகவே இதனை எழுதுகின்றேன்.

ஜோன் நியூற்றன் 1725ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் துறைமுகப் பகுதியாகிய வொப்பிங்கிலே பிறந்தார். புவியீர்ப்பை ஆராய்ந்த நியூற்றன் வேறு, இவர் வேறு. தந்தையார் மத்தியதரைக் கடல் வணிகத்தில் ஈடுபட்ட கப்பற்றலைவர், கண்டிப்பு மிக்கவர், ஆண்டின் பெரும்பகுதியைக் கடலிலே கழித்தவர். அன்னையார் எலிசபெத் அம்மையாரே ஒரே மகனுக்கு எழுத்தறிவித்தார். வேதவசனங்களையும் ஞானோபதேசத்தையும் மனனஞ் செய்வித்தார். மகன் தேவ ஊழியனாக வேண்டும் என்பது அவரது வேண்டுதல். மகனுக்கு ஏழு வயது நிரம்புமுன்னரே காசநோய் அவரைக் கொண்டுசென்றது. பதினோராவது வயதிலே நியூற்றன் தந்தையாருடன் கடலேறினார். அன்னையார் ஊன்றிய விதை மண்ணுக்குள் மறைந்துவிட்டது.

1742ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், தந்தையார் அவரை ஜமேக்காத் தீவுக்குத் தொழிலின் பொருட்டு அனுப்ப ஒழுங்கு செய்திருந்தார். புறப்படுமுன், காலஞ்சென்ற அன்னையாரின் நண்பர்களான கற்லெற் குடும்பத்தாரைக் காண நியூற்றன் சதாம் நகருக்குச் சென்றார். அங்கே, பதினான்கு வயதும் நிரம்பாத மேரி என்னும் மகளைக் கண்டார். கண்ட அன்றே அவர்பால் உள்ளத்தைப் பறிகொடுத்தார். சில நாள் தங்கச் சென்றவர் வாரக்கணக்கில் தங்கினார், கப்பல் போய்விட்டது. தந்தையாரின் சினத்துக்கு ஆளான போதிலும் அவ்வன்பு பின்னர் அவரை உயிரோடு காத்தது. 1744இல் கடற்படைக்கு ஆள்பிடிக்குங் கூட்டத்தார் அவரைப் பலவந்தமாகப் போர்க்கப்பலொன்றில் ஏற்றினர். தப்பியோடிப் பிடிபட்டார், கசையடி பெற்றார், பதவி இழந்தார். அதற்குள் கடவுள் நம்பிக்கையையும் முற்றாகக் கைவிட்டிருந்தார். இங்கிலாந்தின் கரை கண்ணுக்கு மறைந்தபோது, கப்பற்றலைவனைக் கொல்வதா, தானே கடலில் வீழ்ந்து மாள்வதா என்னும் இருவேறு எண்ணங்கள் அவரை ஆட்டின. மேரி தம்மை இழிவாக நினைக்கலாகாதே என்ற ஒன்றே அவர் கையைத் தடுத்தது. இறைவனை மறந்த உள்ளத்தையும் கட்டிப்பிடிக்கக் கிருபை ஒரு கயிற்றை விட்டு வைத்திருந்தது என்றே நான் இதனைக் கொள்கின்றேன்.

கடற்படையை விட்டு நீங்க வாய்ப்புக் கிடைத்ததும், ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்குச் செல்லும் அடிமை வணிகக் கப்பலொன்றுக்கு மாறினார். சியராலியோன் கரைக்கு அப்பாலுள்ள பிளாந்தன் தீவிலே ஒரு வெள்ளைக்கார வணிகனிடம் பணியாளாக அமர்ந்தார். கொடுங் காய்ச்சல் கண்டு படுத்தபோது அவ்வீட்டுத் தலைவி அவருக்கு நீரும் உணவும் மறுத்தாள். பசி தாளாமல் இராவேளையில் பச்சைக் கிழங்கைப் பிடுங்கித் தின்றார். அப்பொழுது அவருக்கு உணவு கொடுத்தோர் யார்? விலங்கிடப்பட்டிருந்த அடிமைகள். தமக்குக் கிடைத்த சிறு பங்கிலே ஒரு பகுதியை, எசமானர் காணாவண்ணம் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தனர். இச்செய்தியை நியூற்றனே தம் வரலாற்றில் எழுதி வைத்துள்ளார். கிருபை என்பது தகுதியற்றவனுக்கு விலையின்றிக் கிடைப்பதாயின், அதை அவர் முதன்முதற் கையில் வாங்கியது அந்தத் தீவிலேதான். கொடுத்த கைகள் சங்கிலியிற் கிடந்த கைகள்.

தந்தையாரின் வேண்டுகோளின்படி அவரைத் தேடிச் சென்ற 'கிறேஹவுண்ட்' என்னும் கப்பல் 1747இல் அவரைக் கண்டு ஏற்றிக்கொண்டது. மறு ஆண்டு மார்ச்சு மாதம் வடஅத்திலாந்திக் கடலிலே அது புயலில் அகப்பட்டது. மரப்பலகைகள் பிளந்தன, ஒரு மாலுமி அலையில் அள்ளுண்டு போனான். நியூற்றன் பம்பியிலே மணிக்கணக்காக நீரிறைத்தார். களைத்தபின் சுக்கானைப் பிடித்து நின்றார். அந்நிலையில், தம்மையறியாமலே இறைவனின் இரக்கத்தை நாடி ஒரு சொல் அவர் வாயினின்றும் வந்தது. சொன்னவரே அதைக் கேட்டுத் திடுக்கிட்டார். நான்கு வாரங்களின் பின் கப்பல் அயர்லாந்துக் கரையைச் சேர்ந்தது. அப்புயல் நாளை அவர் ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். தந்தையாரோ அதற்குள் வடஅமெரிக்காவின் ஹட்சன் குடாவுக்குப் புறப்பட்டுவிட்டார். கடிதத்தால் மகனை மன்னித்து, திருமணத்துக்கும் சம்மதம் தந்தவர், 1750இல் அங்கேயே இறந்தார். நேரிலே மன்னிப்புப் பெறும் பேறு மகனுக்குக் கிட்டவில்லை.

என் பழைய கதை இவ்விடத்தில் முடிந்துவிடும். வாழ்க்கை அவ்வாறு முடியவில்லை. கரையேறிய நியூற்றன் அதே 1748ஆம் ஆண்டிலேயே ஓர் அடிமைக் கப்பலின் துணைத்தலைவராகப் புறப்பட்டார். 1750இல் மேரியை மணந்தார், அவ்வாண்டே கப்பற்றலைவரானார். 1754 வரை மூன்று பயணங்கள் சென்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்றளத்திலே மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். மனைவியாருக்கு அன்பு ததும்பும் கடிதங்கள் வரைந்தார். கீழ்த்தளத்திலோ ஆபிரிக்க மக்கள் விலங்குடன் நெருக்கியடித்துக் கிடந்தனர். கலகம் மூளுமென்று ஐயுற்றபோது, சிறுவர்களின் பெருவிரல்களை நெரிக்கும் இருப்புப் பொறியையும் பயன்படுத்தினார். அதனைத் தம் பயணக் குறிப்பிலே பதிந்தும் வைத்தார். தொழிலை அவர் விட்டதும் மனச்சாட்சியின் உறுத்தலால் அன்று. 1754இல், அடுத்த பயணத்துக்குச் சில நாள் இருக்கையில், மனைவியாருடன் அமர்ந்திருந்தவருக்குத் திடீரென வலிப்புக் கண்டது. வைத்தியர் கடற்பயணத்தைத் தடுத்தனர்.

இப்பகுதியைப் படித்தபோது என் உள்ளம் சோர்ந்தது. கிருபை பெற்றவர் எவ்வாறு இதைச் செய்தார்? மேலும் படிக்கப் படிக்க ஒன்று தெளிந்தது. கிருபை அவரைத் தொட்டது உண்மை. ஆனால் அது அவரின் கண்களை ஒரேநாளில் திறக்கவில்லை. மழை ஒருநாளிற் பெய்துவிடும். பயிர் ஒருநாளில் விளைவதில்லை.

லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க அலுவலராயிருந்தபோது கிரேக்கமும் எபிரேயமும் தாமே கற்றார். ஊழியத்தில் சேர விரும்பிப் பன்முறை மறுக்கப்பட்டு, 1764இல் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகி ஓல்னி என்னும் சிற்றூரை அடைந்தார். றேந்தை பின்னி வயிறு வளர்க்கும் ஏழைமக்கள் வாழும் ஊர் அது. 1767இல் அங்கே குடிவந்த கவிஞர் வில்லியம் கூப்பர் அவருடைய உயிர்நண்பரானார். இருவர் வீட்டுத் தோட்டங்களுக்குமிடையே இருந்த பழத்தோட்டத்தின் ஊடாக ஓயாது போவதும் வருவதுமாயிருந்தனர். சேர்ந்து ஞானப்பாட்டுகள் இயற்றினர்.

1773ஆம் ஆண்டு புத்தாண்டு நாளிலே, நாளாகமத்தில் வரும் தாவீது அரசரின் நன்றி மன்றாட்டை விளக்கிப் பிரசங்கித்த நியூற்றன், அதற்கெனத் தாம் இயற்றிய பாடலையும் அவ்வேழைமக்களுக்கு அளித்தார். வியத்தகு கிருபையைப் போற்றும் அப்பாட்டு, புயல் நடந்து இருபத்தைந்தாண்டு கழிந்தே பிறந்தது. அதே மாதத்திலேதான் கூப்பருக்குப் பழைய மனநோய் மீண்டது. இறைவன் தம்மை என்றென்றைக்கும் தள்ளிவிட்டார் என்று அவர் நம்பினார். கிருபையைப் பாடியவரின் அருமை நண்பருக்கே கிருபை இல்லையென்றாயிற்று. நியூற்றன் அவரோடு வாதிட்டு வெல்ல முயலவில்லை. தம் இல்லத்துக்கு வந்துசேர்ந்தவரை ஓராண்டுக்கு மேலாக வைத்துப் பராமரித்தார். உயிரை மாய்த்துக்கொள்ளாவண்ணம் மேரி அம்மையாரும் அவரும் காத்தனர். கூப்பர் பின்னர் பெருங்கவிஞராகப் புகழ் பெற்றார். ஆயினும் 1800இல் இறக்கும்வரை அவ்விருள் முற்றாக நீங்கவில்லை. நியூற்றனின் நட்பும் நீங்கவில்லை. கிருபையை உணர இயலாதவனுக்கு, அதனை உணர்ந்தவன் செய்யத்தக்கது உடனிருத்தலே என்பதை இந்நட்பிலே கண்டேன்.

1780இல் நியூற்றன் இலண்டனிலுள்ள தூய மேரி வுல்நொத் ஆலயத்துக்கு மாறினார். 1785ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம் வில்பர்போஸ் என்னும் இளம் பாராளுமன்ற உறுப்பினர் இரகசியமாக அவரைத் தேடிவந்தார். அரசியலைத் துறக்க வேண்டுமோ என்று கலங்கியவருக்கு, அங்கேயே நின்று இறைபணி செய்யுமாறு நியூற்றன் அறிவுரை கூறினார். அவ்விளைஞரே அடிமை வணிக ஒழிப்பின் முன்னணி வீரரானார். நியூற்றனும் 1788இல் ஆபிரிக்க அடிமை வணிகத்தைப் பற்றிய தம் சிறுநூலை வெளியிட்டு, தாம் கண்டதையும் செய்ததையும் மறையாது கூறினார். அரச ஆலோசனைச் சபையின் முன் சாட்சியமும் அளித்தார். கடலை விட்டு அப்போது முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் அறிக்கை காலந்தாழ்ந்து வந்தது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

அவரின் வழிகாட்டல் நம் கரையையும் ஒருமுறை தொட்டது. இலண்டனில் திசைகெட்டுத் திரிந்த குளோடியஸ் புக்கானன் என்னும் ஸ்கொத்லாந்து இளைஞர், நியூற்றனாற் திருந்திக் குருவாகி இந்தியா சென்றார். 1806இல் இராமேசுவரத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்த அவர், ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயங்களின் சீர்குலைவைக் கண்டு வருந்தி 1811இல் வெளியான தம் நூலிலே எழுதினார்.

மேரி அம்மையார் 1790இல் புற்றுநோயால் இறந்தார். கண்ணொளி மங்கிய முதுமையிலும் நியூற்றன் பிரசங்கத்தைக் கைவிடவில்லை. 1807ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அடிமை வணிக ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் திகதி அவர் கண்மூடினார். அவர் பாட்டு 1835இல் அமெரிக்காவிலே இன்றைய இசையோடு இணைந்தது. அடிமைகளின் வழித்தோன்றல்களும் அதனைத் தமதாக்கிப் பாடலாயினர்.

அம்மாணவன் இன்று எங்குளனோ அறியேன். மீண்டும் கண்டால் மெய்யான விடையைச் சொல்வேன்: கரையேறிய அவர் அவர்களை விடுவிக்கவில்லை, விற்றார். முப்பத்துநான்கு ஆண்டுகளின் பின்னரே ஊரறிய அதனை ஒப்புக்கொண்டார். தீவிலே தமக்கு உணவளித்தோரின் பெயர்களைக்கூட அவர் நமக்கு விட்டுச் செல்லவில்லை. அக்கடன் தீர்க்கக்கூடியதன்று, ஆயினும் அதனைத் தம் கடனென்று உணரும்வரை கிருபை அவரைக் கைவிடவில்லை.